மரை கழண்ட வேனும் ஒரு ஜாண் ரப்பர் குழாயும்

'அவனுக்கு மரை கழண்டுடுச்சுப்பா!' - இந்த வசனத்தைச் சொல்லாத, கேட்காத ஆள் நம்மில் யாராவது உண்டா? பள்ளியில், கல்லூரியில், ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் என்று நானே நூறு முறை சொல்லியிருப்பேன். ஆனால், மரை என்றால் என்ன, அது ஏன் கழல்கிறது, கழன்றால் என்ன ஆகும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. போன தை மாதம் எங்கள் அப்பாவின் ஆம்னி வேனில் நிஜமாகவே மரை போனது. அன்றிலிருந்து யாரையும் அப்படிக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வருவதில்லை.

கையில் தண்ணீர் பாட்டில் இருந்தால் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். சுற்றிச் சுற்றிப் போகும் மேடும் பள்ளமும் தெரியும். பாட்டிலின் கழுத்திலும் அதே மாதிரி இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால்தான் மூடி நிற்கிறது. அதுதான் மரை. பெட்ரோல் காரில் ஸ்பார்க் பிளக் இன்ஜினின் தலைப்பகுதியில் நிற்பதும் இதே கணக்குதான். ஒரே ஒரு வித்தியாசம். பாட்டில் மூடி தாங்குவது தண்ணீரை. பிளக் தாங்குவது நிமிடத்துக்கு ஆயிரம் வெடிப்புகளுக்கு மேல்.

பூ காத்திருக்காது

நாங்கள் நிலக்கோட்டைப் பக்கம். மல்லிகைக்குப் பேர்போன மண். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் ஊரிலும் இனிப்பு கொடுத்தார்கள். அப்பாவுக்குச் சொந்தமாகத் தோட்டம் கிடையாது. 11 விவசாயிகளின் பூவை விடிவதற்குள் எடுத்துப்போய், மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சேர்ப்பதுதான் அவர் தொழில். கிலோவுக்கு இவ்வளவு என்று வண்டிக்கூலி.

ராத்திரி 2 மணி, 3 மணிக்கே தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். சாயங்காலம் அது மலர்ந்துவிடும். மலர்ந்த பூவுக்கு மார்க்கெட்டில் மரியாதை இல்லை. அதிலும் மார்கழி, தை மாதங்களில் பனியால் விளைச்சல் குறையும்; தை பிறந்தால் முகூர்த்தம் வரிசை கட்டும். அந்த நாள்களில் விலை எகிறும். அதே பூ ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகப் போனால், வாங்குகிறவர்கள் வாங்கி முடித்திருப்பார்கள். விலை சரிந்திருக்கும்.

அப்பாவிடம் இருப்பது 2012 மாடல் மாருதி ஆம்னி. 1984-ல் 'மாருதி வேன்' என்ற பெயரில் வந்து, 2019-ல் உற்பத்தி நிறுத்தப்பட்ட வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர். இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். ஆம்னி ஓட்டியவர்களுக்குத் தெரியும், கோடையில் சீட்டே சூடாகும்.

பொங்கல் லீவுக்கு நான் ஊரில் இருந்தேன். ஒரு முகூர்த்த நாள். காலை 5 மணிக்கு அப்பாவிடமிருந்து போன்.

"வாடிப்பட்டி தாண்டி நிக்கிறேன்மா. பிளக்கு தெறிச்சு வெளிய வந்துருச்சு. நீ வண்டிய எடுத்துட்டு வா."

ஒரு வாரமாகவே ஏறுமுகமான ரோட்டில் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் இருந்ததாம். பிக்கப்பும் குறைவு. முகூர்த்தம் முடியட்டும், காட்டலாம் என்று அப்பா நினைத்திருக்கிறார். அன்று பாலம் ஏறும்போது துப்பாக்கி சுட்டது மாதிரி ஒரு 'டொப்'. அதற்கப்புறம் 'புஸ் புஸ்' என்று சீட்டுக்கடியில் காற்று அடிக்கிற சத்தம், கூடவே பெட்ரோல் வாடை. உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்திருக்கிறார். சீட்டைத் தூக்கிப் பார்த்தால், நடு சிலிண்டரின் பிளக் தன் ஒயரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

உடனே அணைத்ததுதான் அன்று அவர் செய்த பெரிய காரியம். இந்த நிலையிலும் மீதி இரண்டு சிலிண்டரில் வண்டி திக்கித் திணறி ஓடும். 'பக்கத்து ஊர் வரைக்கும் உருட்டிப் போயிரலாம்' என்று ஆசை வரும். ஆனால், திறந்த ஓட்டை வழியாகப் பெட்ரோல் கலந்த காற்று வெளியே பீய்ச்சி அடிக்கும். கழன்ற பிளக் ஒயரில் தொங்கியபடியே தீப்பொறி விடலாம். உட்கார்ந்திருக்கும் சீட்டுக்கு அடியில் இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வண்டிக்குள் 62 கிலோ மல்லி. பின்னால் வந்த இன்னொரு பூ வேன்காரர் நிறுத்தி, மூட்டைகளை மாற்றி ஏற்றிக்கொண்டார். மார்க்கெட் போய்ச் சேரும்போது ஒன்றரை மணி நேரம் தாமதம். கிலோவுக்கு 300 ரூபாய் இறங்கியிருந்தது. மொத்தம் 18,600 ரூபாய். பூ எங்களுடையது இல்லை. நஷ்டம் 11 குடும்பங்களுக்கு. அப்பா ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், "வித்தியாசத்த நான் தந்துர்றேன்" என்றார். 7 பேர் "அட போங்கண்ணே" என்று மறுத்துவிட்டார்கள். 4 பேர் வாங்கிக்கொண்டார்கள். வாங்கியவர்கள் மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை. அவர்களுக்கும் முகூர்த்தம் ஒரு சீசன்தானே.

ஆளுக்கொரு யோசனை

மூன்று மாதத்துக்கு முன்பு வண்டிக்குப் புது பிளக் போட்டது ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் ஒர்க்‌ஷாப்பில். பெயர் வேண்டாம். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு முதலில் அங்கேதான் போனோம். உரிமையாளர் எட்டிப் பார்த்தார். "ஹெட்டுல மரை போச்சு. புது ஹெட்டுதான் போடணும். வேலையோட சேத்து 24,000 ஆகும். நாலு நாள் ஆகும்" என்றார். "நீங்கதானே பிளக் போட்டீங்க?" என்று கேட்டால், "மூணு மாசம் ஓடிருக்கில்ல?" என்று எதிர்க்கேள்வி.

முகூர்த்த சீசனில் நாலு நாள் வண்டி இல்லையென்றால், 11 பேரில் பாதிப் பேர் வேறு வண்டி பார்த்துவிடுவார்கள். போனவர்கள் திரும்பி வருவது சுலபமில்லை.

டீக்கடையில் இன்னொரு யோசனை வந்தது. பிளக்கில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி இறுக்கிவிடலாம் என்றார் ஒருவர். எம்-சீல் வைத்து ஒட்டிவிடலாம் என்றார் மற்றவர். இதெல்லாம் தண்ணீர்க் குழாய் வைத்தியம். டெஃப்லான் ஏறக்குறைய 260 டிகிரி வரைதான் தாங்கும். எம்-சீல் அந்த அளவுகூடத் தாங்காது. அதோடு, பிளக் தன் சூட்டை இறக்கிவைப்பதே மரை வழியாகவும், அது உட்காரும் விளிம்பு வழியாகவும்தான். இடையில் டேப்பையோ பசையையோ வைத்தால் சூடு இறங்காது. பிளக்கின் மின்சாரம் திரும்புவதும் இதே உலோகத் தொடர்பு வழியாகத்தான். அதுவும் கெடும்.

மூன்றாவதாக ஒரு பேச்சு. "திண்டுக்கல்லுல ஒரு பாய் இருக்காரு. ஹெட்ட இறக்காமலே மரை போட்டுத் தருவாரு" என்றார் வண்டியைக் கட்டி இழுத்த டிரைவர். அப்பா ஒரு நிமிடம் யோசித்தார். 24,000 ரூபாய் கையில் இல்லை என்பது ஒரு பக்கம். அரைகுறை வேலையாகி மறுபடி நெடுஞ்சாலையில் தெறித்தால் என்ன செய்வது என்பது இன்னொரு பக்கம். "போய்ப் பாப்போம். பாத்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றார்.

வெள்ளி நூல்

பாய்க்கு 60 வயதுக்கு மேல் இருக்கும். லேத் பட்டறை. ஆம்னியின் சீட்டைத் தூக்குவதற்கு முன்னால், கழன்று வந்த பிளக்கைக் கேட்டு வாங்கினார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

"பாப்பா, இங்க பாரு. மரைக்குள்ள வெள்ளி நூல் சுத்துன மாதிரி இருக்குல்ல? அது பிளக்கோடது இல்ல. உங்க ஹெட்டோட மரை. உரிச்சு எடுத்துட்டு வந்திருக்கு."

பிளக்கின் உடம்பு எஃகு. ஹெட் அலுமினியம். எடை குறைவு, சூட்டை வேகமாகக் கடத்தும் என்பதால் ஹெட்டை அலுமினியத்தில் வார்க்கிறார்கள். ஆனால், எஃகோடு மோதினால் அலுமினியம்தான் தோற்கும். அதனால்தான் பிளக் மாற்றும்போது நடக்கிற தவறுக்கு 200, 300 ரூபாய் பிளக் விலை கொடுப்பதில்லை; பல ஆயிரம் ரூபாய் ஹெட் விலை கொடுக்கிறது.

அடுத்து, பிளக்கின் நுனியைக் காட்டினார். முதல் இரண்டு சுற்று மரை ஒரு பக்கமாகச் சாய்வாகத் தேய்ந்திருந்தது. "கோணலா ஏத்தி, ஸ்பேனர் போட்டு முறுக்கிருக்காங்க. நேரா உக்காரல. அஞ்சாறு மரை புடிச்சிருக்கும். அதவச்சே இத்தன நாள் ஓடிருக்கு."

அவர் சொன்னதைக் கேட்டு அன்று ராத்திரி நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வேன் உட்படப் பல பெட்ரோல் கார்களில் பிளக்கின் மரை 14 மில்லிமீட்டர் விட்டம். ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.25 மில்லிமீட்டர். மரைப் பகுதியின் நீளம் 19 மில்லிமீட்டர். வகுத்தால் ஏறக்குறைய 15 சுற்று. பெட்ரோல் இன்ஜின் முழு வேகத்தில் இழுக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் 50 பார் அளவுக்குப் போகும். அந்த 14 மில்லிமீட்டர் வட்டத்தின் மேல் அது கிட்டத்தட்ட 78 கிலோ எடைக்குச் சமம். அதாவது, ஒவ்வொரு வெடிப்பின்போதும் ஒரு முழு ஆள் பிளக்கை உள்ளிருந்து வெளியே எட்டி உதைக்கிற மாதிரி. இன்ஜின் 3,000 ஆர்பிஎம்-மில் ஓடினால், ஒரு சிலிண்டரில் நிமிடத்துக்கு 1,500 உதை. 15 சுற்று சேர்ந்து தாங்க வேண்டியதை அஞ்சாறு சுற்று மூன்று மாதம் தாங்கியிருக்கிறது. ஒருவகையில் ஆச்சர்யம்தான்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1990-களின் பிற்பகுதியில் வந்த ஃபோர்டு நிறுவனத்தின் ட்ரைட்டன் வகை வி8, வி10 இன்ஜின்களில் பிளக் தெறித்து வெளியே வருவது பெரிய தலைவலியாக இருந்தது. அந்த ஹெட்டுகளில் பிளக்கைப் பிடிக்கும் மரையே சில சுற்றுகள்தான். அதைச் சரிசெய்வதற்கென்றே தனிக் கருவிப்பெட்டிகள் அங்கே விற்பனைக்கு வந்தன.

ஹெட்டை இறக்காமல் வைத்தியம்

"எல்லாக் கேஸும் ஒண்ணு இல்லண்ணே" என்று அப்பாவிடம் பாய் விளக்க ஆரம்பித்தார்.

மேல் ஓரத்தில் ஒன்றிரண்டு மரை மட்டும் நசுங்கியிருந்தால், புதிதாக எதையும் வைக்கத் தேவையில்லை. உள்ளே இருக்கும் நல்ல மரையைப் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலாக வரும் ஒரு கருவி இருக்கிறது. அதை ஓட்டி எடுத்தால் நசுங்கிய மரை நிமிர்ந்துவிடும்.

மரை முழுதாக உரிந்துபோனால், ஓட்டையைப் பெரிதாக்கி, அதற்குள் புது மரையை வைத்தாக வேண்டும். அதில் இரண்டு வகை. ஒன்று, ஸ்பிரிங் மாதிரிச் சுருட்டிய எஃகுக் கம்பி. ஹெலிகாயில் என்ற பெயரில் பிரபலம். இன்னொன்று, உள்ளேயும் வெளியேயும் மரை வெட்டிய முழு எஃகுக் குழல். பட்டறையில் அதை புஷ் என்கிறார்கள். கம்பிச் சுருளும் நன்றாகவே பிடிக்கும். ஆனால், பிளக்கை அடிக்கடி கழற்றி மாட்டும் இடத்தில் சில நேரம் சுருளும் பிளக்கோடு சேர்ந்து வெளியே வந்துவிடும் என்பதால், பாயின் ஓட்டு புஷ்ஷுக்குத்தான். "ஒரு காலத்துல நானே லேத்துல வெங்கலத்துல கடைஞ்சு போடுவேன். இப்ப ரெடிமேடாவே செட்டு வருது" என்றார்.

ஓட்டையைச் சுற்றி விரிசல் விட்டிருந்தால் இது எதுவும் ஆகாது. அதனால், முதல் வேலையாக அந்த இடத்தை பெட்ரோல் விட்டுத் துடைத்து, லைட் அடித்து, கண்ணாடி வைத்துப் பார்த்தார். "விரிசல் இருந்தா நானே ஹெட்ட மாத்துங்கன்னு அனுப்பிருவேன். இல்ல. போடலாம்."

அப்பா என்னைப் பார்த்தார். "செய்ங்க பாய்" என்றார்.

நான் போனை எடுத்து வீடியோ போட்டேன். அடுத்த இரண்டரை மணி நேரம் பாய் செய்ததில் அவசரம் என்பதே இல்லை.

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். இன்ஜினைக் கையால் சுற்றி, நடு சிலிண்டரின் பிஸ்டனைக் கீழே இறக்கினார். மரை வெட்டும் டேப் உள்ளே இறங்கும்போது பிஸ்டனில் முட்டக் கூடாது. அடுத்து, டேப்பின் பள்ளங்களில் கிரீஸை அப்பினார். வெட்டும்போது உதிரும் அலுமினியத் தூள் சிலிண்டருக்குள் விழாமல் கிரீஸில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காக.

அந்த டேப்பின் கீழ்ப் பாதி மெலிசாக, பழைய 14 மில்லிமீட்டர் அளவில் இருந்தது. மேல் பாதி தடிமனாக, ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். கீழ்ப் பாதி, மிச்சமிருக்கும் பழைய மரையைப் பிடித்து வழிகாட்டும். மேல் பாதி அதன் பின்னாலேயே நேராகப் பெரிய மரையை வெட்டிக்கொண்டு போகும். "இதுல கோணினா, பிளக்கு ஆயுசுக்கும் கோணல்தான்" என்றார்.

கால் சுற்று முன்னால், அதில் பாதி பின்னால். மறுபடி கால் சுற்று. மூன்று முறை முழுதாக வெளியே எடுத்துத் துடைத்து, புது கிரீஸ் போட்டு, மறுபடி இறக்கினார். பிறகு, புஷ்ஷின் கழுத்து உட்காருவதற்கு மேலே ஒரு சின்ன படி வெட்டினார். மெல்லிய குழாயை வேக்குவம் கிளீனரில் மாட்டி, சிலிண்டருக்குள் விட்டு உறிஞ்சினார்.

புஷ்ஷை உள்ளே வைப்பதற்கு முன் வெர்னியரில் அதன் நீளத்தை அளந்தார். 19 மில்லிமீட்டர். ஏன் என்று கேட்டேன். "நீளம் கூடுனா உள்ள துருத்திக்கிட்டு நிக்கும். அந்த நுனி பழுத்து, பிளக்கு பொறி விடுறதுக்கு முன்னாடியே பெட்ரோலு பத்திக்கிரும். இன்ஜினு அடி வாங்கும்."

புஷ்ஷின் வெளி மரையில் அதிக வெப்பம் தாங்கும் பசையைத் தடவி உள்ளே இறக்கினார். கடைசியாக ஒரு திருகுக் கருவியை உள்ளே செலுத்தினார். அது புஷ்ஷின் அடிப்பகுதியை லேசாக விரித்து, ஹெட்டோடு இறுக்கிவிடும். இனி பிளக்கைக் கழற்றினாலும் புஷ் கூட வராது.

எனக்கு மறக்காதது அதற்கு அடுத்ததுதான். பாய் ஸ்பேனரை எடுக்கவில்லை. ஆணியில் மாட்டியிருந்த ஒரு ஜாண் நீள பழைய பெட்ரோல் குழாயை எடுத்தார். அதன் நுனியில் புது பிளக்கின் பீங்கான் முனையைச் செருகினார். குழாயைப் பிடித்து, பிளக்கை ஓட்டைக்குள் விட்டு, இரண்டு விரலால் சுற்ற ஆரம்பித்தார். வழுக்கிக்கொண்டு போனது.

"இதுதான் என் டார்க் ரெஞ்சு" என்று சிரித்தார். "கோணலா ஏறுனா பிளக்கு முறுக்கிக்கும். உடனே ரப்பர் வழுக்கிரும், மேல ஏறாது. இரும்பு ஸ்பேனருக்கு அந்தப் புத்தி கிடையாது. அது மரையத் தின்னுட்டுப் போயிக்கிட்டே இருக்கும்."

விளையாட்டாகச் சொன்னாரே தவிர, கடைசி முறுக்குக்கு நிஜமான டார்க் ரெஞ்சைத்தான் எடுத்தார். அலுமினிய ஹெட்டில், வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். 25 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்கு வருமோ, அவ்வளவுதான். புஜ பலத்துக்கு அங்கே வேலையே இல்லை.

பிளக்கை மாட்டுவதற்கு முன்பே, ஓட்டை திறந்திருந்தபோது, பெட்ரோலையும் தீப்பொறியையும் நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டார். உள்ளே தப்பிய ஒன்றிரண்டு தூளையும் காற்று வெளியே தள்ளிவிட்டது. பிளக் மாட்டிய பிறகு, மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் பார்த்தார். மூன்றும் நெருக்கமாகவே இருந்தன. இன்ஜினை ஓடவிட்டு, பிளக்கைச் சுற்றி சோப்புத் தண்ணீர் தெளித்தார். ஒரு குமிழி வரவில்லை.

கூலி 2,500 ரூபாய். பிளக்குக்குத் தனி.

யார் கணக்கில் எழுதுவது?

வண்டியை எடுத்துக்கொண்டு அப்பா நேராக வீட்டுக்கு வரவில்லை. உரிந்த மரை சுற்றிய அந்த பிளக்கோடு பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். நானும் போனேன்.

உரிமையாளர் பிளக்கைப் பார்த்ததும் ஒரு பையனைக் கூப்பிட்டார். 19 வயது இருக்கும். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். எல்லோர் முன்னாலும் திட்டினார். "இவன் போட்டதுதான். உங்க செலவ இவன் சம்பளத்துல புடிச்சுத் தந்துர்றேன்" என்றார். பையன் தலையைத் தூக்கவில்லை.

அப்பா கேட்டார். "இவருக்கு பிளக்கு எப்படி மாட்டணும்னு யாரு சொல்லிக் குடுத்தது? உங்ககிட்ட டார்க் ரெஞ்சு இருக்கா?"

பதில் இல்லை.

"தம்பி சம்பளத்துல புடிக்கிற காசு எனக்கு வேணாம். நீங்க குடுக்கிறதா இருந்தா குடுங்க."

உரிமையாளர் கொடுக்கவில்லை. அப்பா கிளம்பிவிட்டார்.

இதில் எனக்கும் அப்பாவுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. பையனை விட்டது சரி. உரிமையாளரை ஏன் விட வேண்டும்? காசு வாங்கிக்கொண்டு செய்த வேலையில் குறைபாடு இருந்தால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். இவ்வளவு சின்னத் தொகைக்குப் புகார்க் கட்டணமே கிடையாது. பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம் இருக்கிறது. இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன்.

"பக்கத்து ஊருக்காரன்மா. நாளைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டி நின்னா அவன் கடைதான் பக்கம்" என்கிறார் அப்பா. "அதுக்காக 18,000 ரூபா நஷ்டத்த முழுங்கிட்டு இருக்கணுமா?" என்கிறேன் நான். 18,600-ல் 4 பேருக்குக் கொடுத்ததுதான் எங்கள் செலவு. மீதியை 7 குடும்பங்கள் சத்தமில்லாமல் சுமந்தன. அவர்கள் கேட்கவில்லை என்பதற்காக அது நஷ்டம் இல்லை என்று ஆகிவிடாது. பழைய ரசீதும், வெள்ளி நூல் சுற்றிய அந்த பிளக்கும் என் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. 2 வருடம் இன்னும் முடியவில்லை. அப்பா மனசு மாறினால் நான் ரெடி.

பத்து நாள் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து ஒரு வாட்ஸ்அப். "அக்கா, நான் அந்தக் கடைல வேல பாக்குற பையன். பாய் மரை போட்டதை நீங்க வீடியோ எடுத்தீங்கன்னு டிரைவர் அண்ணன் சொன்னாரு. எனக்கு அனுப்ப முடியுமா?" இரண்டரை மணி நேர வீடியோவை வெட்டாமல் லிங்க்காக அனுப்பினேன். முழுதாகப் பார்த்தானா என்று தெரியாது. ஆனால், அடுத்த நாள் ஒரு போட்டோ வந்தது. சுவரில் ஆணி. ஆணியில் ஒரு ஜாண் ரப்பர் குழாய்.

உங்கள் வண்டிக்குச் சில வார்த்தைகள்

காரோ வேனோ, பிளக் மாற்றக் கொடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். தப்பே இல்லை.

இன்ஜின் ஆறிய பிறகுதான் பிளக்கைக் கழற்ற வேண்டும். ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். சூட்டோடு முறுக்கினால் மரை உரியும் அபாயம் அதிகம். கழற்றுவதற்கு முன், பிளக்கைச் சுற்றியிருக்கும் மண்ணைக் காற்றடித்து ஊதச் சொல்லுங்கள். ஒரு மணல் துகள் போதும், மரையைக் கீறுவதற்கு. கழற்றும்போது இறுக்கமாக இருந்தால் ஒரேயடியாக இழுக்காமல், கொஞ்சம் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்க வேண்டும்.

மாட்டும்போது முதல் சில சுற்றாவது கையால் போக வேண்டும். டார்க் ரெஞ்ச் இல்லாத கடையென்றால், 14 மில்லிமீட்டர் புது பிளக்கைக் கையால் முழுதாக இறுக்கிய பிறகு, ஸ்பேனரில் அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குள்தான் போக வேண்டும். அதில்தான் வாஷர் நசுங்கி உட்காரும். ஏற்கெனவே போட்ட பிளக்கையே மறுபடி மாட்டினால், வாஷர் முன்பே நசுங்கியிருக்கும். கடிகார முள் 5 நிமிடம் நகரும் தூரம் போதும். புது மாடல் கார்கள் சிலவற்றில் 12, 10 மில்லிமீட்டர் பிளக் வருகிறது. அவற்றுக்கு முறுக்கு இன்னும் குறைவு. வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மரையில் கிரீஸ் தடவினால் நல்லது என்று சிலர் நினைப்பார்கள். முலாம் பூசிய பிளக்குகளுக்கு அது வேண்டாம் என்று என்ஜிகே போன்ற தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். வழுக்கல் அதிகமானால், கைக்குத் தெரியாமலே முறுக்கு கூடிவிடும்.

ஏறும்போது 'டிக் டிக்' சத்தமோ, 'புஸ்' என்ற காற்றுச் சத்தமோ கேட்டால், வண்டி மிஸ்ஸிங் அடித்தால், தள்ளிப்போடாதீர்கள். பிளக் தளர்ந்த நிலையிலேயே பிடித்துவிட்டால், சில நேரம் மரையைக் காப்பாற்றிவிடலாம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும் செலவும் மிச்சமாகும். மாற்றிய பழைய பிளக்கையும் ரசீதையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாய் போட்ட மரையில் எங்கள் ஆம்னி அடுத்த நாள் அதிகாலையிலிருந்தே பூ ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. 11 பேரும் இன்னும் அப்பாவோடுதான் இருக்கிறார்கள். இடையில் ஒருமுறை பிளக்கைக் கழற்றி மாட்ட வேண்டி வந்தது. புஷ் அசையவில்லை.

இதைப் படித்த கையோடு ஒர்க்‌ஷாப் போகிறவர்கள், மெக்கானிக் அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "கையால ஏத்துனீங்களாண்ணே?"